உவரிக் கரையில் அப்பா தேடியது

என் அப்பா ஜேசுராஜ் மதுரையில் ஒரு மிஷன் பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீடு ஆனையூரில். கல்யாண வீடுகளில் கடைசிப் பந்தியில்தான் உட்காருவார். யாராவது உரத்துப் பேசினால் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்குவார். அவரைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் பெரிதாக எதுவும் இருந்ததில்லை. அம்மா இறந்த பிறகு அவர் மணலுக்கடியில் கிடக்கும் உலோகத்தைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை வாங்கினார். அதைத் தூக்கிக்கொண்டு உவரிக் கடற்கரைக்குப் போய்த் தேடினார். தேடியது அம்மாவின் தாலியை.

அம்மாவின் பெயர் ஐரின். அவள் இறப்பதற்கு முந்தைய வருடம் அப்பாவுக்கு நெஞ்சைப் பிளந்து அறுவைச் சிகிச்சை செய்திருந்தார்கள். அவர் தேறி நடமாடத் தொடங்கியதும், உவரி அந்தோனியார் கோயிலுக்குப் போய்வர வேண்டும் என்று அம்மா சொன்னாள். அப்பாவும் அம்மாவும் பக்கத்து வீட்டுக் கனகா அத்தையும் போனார்கள். கனகா அத்தை இந்து. ஆனாலும் அந்தோனியார் என்றால் அம்மாவுக்கு முன்னால் பையை எடுத்து வைப்பார். நான் அப்போது ஓசூரில் என் கணவரோடு இருந்தேன். நடந்ததெல்லாம் போனில்தான் தெரியும்.

சாயங்காலம் அப்பா பைகளோடு மணலில் உட்கார்ந்திருக்க, பெண்கள் இருவரும் கால் நனைக்கப் போயிருக்கிறார்கள். திரும்பி வந்தபோது அம்மாவின் சேலை கழுத்து வரை நனைந்திருந்தது. அலை தள்ளிவிட்டது, சங்கிலி போய்விட்டது என்றாள். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் கையால் துழாவியிருக்கிறார். அந்தோனியாருக்கு வந்தவர்கள் சிலரும் கூடச் சேர்ந்து தேடினார்கள். அம்மா கரையில் நின்று அழுதபடியே, "விடுங்க. போனது போகட்டும். இருட்டுது, வாங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

ஊருக்கு வந்ததும் புதிதாகத் தாலி செய்யலாம் என்று அப்பா சொன்னார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. கட்டியது ஒரு தடவைதான், மறுபடி எதற்கு என்றாள். அதற்குப் பிறகு அவள் கழுத்தில் மாதா படம் தைத்த துணி உத்தரியம் மட்டும் கிடந்தது.

இந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் அம்மா இறந்துபோனாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். காலையில் துணி காயப்போட்டவள், அந்தத் துணி காயும் முன்பே போய்விட்டாள்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. மனைவி முந்திக்கொண்டால், பெட்டியை மூடும் முன் அவள் கழுத்துத் தாலியைக் கட்டியவரே கழற்றி எடுக்க வேண்டும். வேறு யாரும் தொடக் கூடாது. ஃபாதர் ஜெபம் முடித்து ஒதுங்கியதும் இன்னாசியம்மாள் அத்தை, அப்பாவின் அக்கா, அழுதுகொண்டே, "கழட்டுடா தம்பி, நேரமாகுது" என்றார். பழக்கத்தில் சொல்லிவிட்டார். அப்பாவும் பழக்கத்தில் குனிந்து இரண்டு கைகளையும் அம்மாவின் பிடரிக்கடியில் கொடுத்துவிட்டார். அங்கே எதுவும் இல்லை. கையை எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அப்படியே குனிந்து நின்றார். அத்தைதான் தோளைப் பிடித்து நிமிர்த்தினார். பிறகு மூடிவிட்டார்கள்.

நான் ஓசூருக்குத் திரும்பவில்லை. அப்பா தனியாக இருக்க வேண்டாம் என்று என் கணவர் ஜெய்சனும் சொன்னார். வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. நான் சமைத்து வைப்பேன், அவர் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைப்பார். ஒரு நாள் தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"பாப்பா, மணலுக்குள்ள கெடக்குற நகைய கண்டுபிடிக்க மெஷின் இருக்காமே. போன்ல பாத்துச் சொல்லு."

"ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சேப்பா. கடல் இழுத்துட்டுப் போயிருக்காதா?"

"தங்கம் கனம். கீழதான் எறங்கும். எறங்குனது அங்கனதான் கெடக்கும்."

"கெடச்சா என்ன செய்யப் போறீங்க?"

அவர் தட்டைத் துடைத்துக் கவிழ்த்தார். "நான் கையில எடுக்கணும்" என்றார்.

சிம்மக்கல்லில் தராசு, கேமரா, பணம் எண்ணும் மெஷின் எல்லாம் விற்கும் கடை ஒன்று இருக்கிறது. கடைக்காரர் சிவபாண்டி, அப்பா வேலை பார்த்த பள்ளியில் படித்தவர். முதலில் அங்கேதான் போனோம்.

"என்ன சார், மெட்டல் டிடெக்டர் கேக்குறீக, செக்யூரிட்டி வேலைக்குச் சேந்துட்டீகளா?"

"இல்லப்பா. மணலுக்குள்ள ஒரு நகை கெடக்கு."

சிவபாண்டி கல்லாவை விட்டு எழுந்து வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நேராச் சொல்லுங்க சார். புதையலா?"

"புதையல்னா ஒங்கிட்டயா வந்து கேப்பேன்? பொழுது சாயுறதுக்குள்ள மதுரை பூராம் கூடிரும்."

சிவபாண்டி சிரித்தபடி, கோயில் வாசலில் ஆட்களைத் தடவிப் பார்க்கும் கைத்தடியை எடுத்து அப்பாவின் மேல் ஓட்டிக் காட்டினார். சட்டைப் பையில் இருந்த பேனாவுக்குக் கத்தியது. பேனாவை எடுத்த பிறகும் அதே இடத்தில் கத்தியது.

"என்ன சார், நெஞ்சுல எதையும் ஒளிச்சு வச்சிருக்கீகளா?"

"கம்பி. ஆபரேஷன்ல எலும்ப இழுத்துக் கட்டுனது."

"அப்ப சார்தான் புதையல்" என்றார் சிவபாண்டி. சொன்ன பிறகு அவருக்கே சங்கடமாகிவிட்டது. டீ வாங்கிவரச் சொன்னார்.

அந்தக் கைத்தடியை இரண்டு நாளைக்கு வாங்கிவந்து பார்த்தோம். அம்மாவின் கம்மல் ஒன்றை நான் பூந்தொட்டி மண்ணில் புதைத்தேன். இரண்டு விரல் ஆழம் வரை கத்தியது. அதற்குக் கீழே போனால் அதற்கு ஒன்றும் தெரியவில்லை. திருப்பிக் கொண்டுபோனபோது சிவபாண்டி இன்னொன்றைப் போனில் காட்டினார். பெட்டியிலிருந்து இரண்டு கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. நூறடி ஆழத்தில் தங்கம் இருந்தாலும் காட்டுமாம்.

"நூறடியில தங்கத்தக் காட்டுமா, தண்ணியக் காட்டுமா?" என்று கேட்டார் அப்பா.

"எனக்கும் சந்தேகந்தேன் சார். ஆனா புதையல் எடுக்குறவய்ங்க பூராம் இதத்தேன் கேக்குறாய்ங்க."

"வாங்கிட்டுப் போனவய்ங்க திரும்பி வந்தாய்ங்களா?"

"வரலயே."

"கெடச்சிருந்தா ஒனக்கு ஒரு சுவீட் பாக்ஸாச்சும் வந்திருக்கும்ல."

அம்மா போன பிறகு அப்பா ஒருவரோடு இவ்வளவு பேசி நான் பார்த்தது அன்றுதான்.

பிறகு நாங்களாகவே பல நாள் படித்தோம், காணொளிகள் பார்த்தோம். நீண்ட தண்டு, நுனியில் தட்டு மாதிரி ஒரு வட்டு, கைப்பிடியில் சின்னத் திரை, காதுக்கு ஹெட்போன். பார்வைக்கு எல்லாக் கருவியும் ஒன்றுபோலத்தான் இருந்தன. வேறுபாடு உள்ளே. விலை குறைந்தவை ஒரே அலைவரிசையில் வேலை செய்பவை. காய்ந்த மணலுக்கும் வயலுக்கும் அவை போதும். உப்புத் தண்ணீரில் நனைந்த மணலுக்கு மேலே கொண்டுபோனால் அந்த ஈரத்தையே உலோகம் என்று நினைத்து ஓயாமல் கத்தும். உவரிப் பக்கம் கருமணல் வேறு பட்டை பட்டையாகக் கிடக்கும். அதில் இரும்புச் சத்து உண்டு. அதற்கும் கத்தும். பல அலைவரிசைகளை ஒரே நேரத்தில் அனுப்பும் கருவிகள்தான் உப்பையும் கருமணலையும் கழித்துவிட்டுக் கேட்கும். அப்பா அப்படிப்பட்ட ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். வட்டு தண்ணீரில் நனையலாம், தண்டைக் கழற்றிப் பைக்குள் வைக்கலாம். இதயச் சிகிச்சை செய்த ஆள் தூக்கிக்கொண்டு நடக்க எடை குறைவாக இருக்க வேண்டும் என்று நான் சொன்னதையும் பார்த்தார்.

கருவி வந்ததும் பழகுவதற்குத் தேனூர்ப் பக்கம் வைகைக்குப் போனோம். ஆற்றில் தண்ணீர் இல்லை. நான் மணலில் ஒரு காசையும் ஆணியையும் சோடா மூடியையும் அம்மாவின் கம்மலையும் புதைத்து வைப்பேன். அப்பா வட்டை மணலோடு ஒட்டி, தரை துடைப்பதுபோல் இடவலமாக ஆட்டிக்கொண்டு வருவார். ஒரு வீச்சுக்கும் அடுத்த வீச்சுக்கும் இடையில் மணல் விட்டுப்போகக் கூடாது. வீச்சின் முனையில் வட்டு மேலே தூக்கிவிடவும் கூடாது. முதலில் வேகமாக ஆட்டினார், எல்லாம் தவறிப்போயின. மெதுவாக ஆட்டக் கற்றுக்கொண்டார்.

ஆணிக்குக் கருவி உறுமியது. காசுக்கு உயர்ந்த குரலில் ஒலித்தது. கம்மல் அந்த இரண்டு குரலுக்கும் நடுவில், அதிகம் சத்தமில்லாமல் ஒலித்தது. மாத்திரை அட்டையின் அலுமினியத் தாளும் அதே குரலில்தான் ஒலித்தது. தங்கம் வேண்டுமென்றால் அலுமினியத்தையும் தோண்டித்தான் ஆக வேண்டும், அதைத் தவிர்க்க வழியில்லை. இரும்பை மட்டும் ஒதுக்கலாம். அதற்கு ஒரு பொத்தான் இருந்தது. அழுத்திவிட்டால் இரும்புக்கு வாய் திறக்காது. படகு ஆணியும் தூண்டில் முள்ளும் கொட்டிக் கிடக்கும் கரையில் இது பெரிய உதவி என்று எல்லாக் காணொளிகளிலும் சொன்னார்கள். அப்பா அழுத்தி வைத்தார்.

உவரிக்குச் செவ்வாய்க்கிழமை கூட்டம் அதிகம். நாங்கள் புதன்கிழமைகளில் போனோம். மாட்டுத்தாவணியில் ஏறித் திருநெல்வேலி, அங்கிருந்து இன்னொரு பேருந்து. அன்று பைகளோடு உட்கார்ந்திருந்த இடம் அப்பாவுக்கு நினைவிருந்தது. அங்கிருந்து கடலுக்கு நேராக ஒரு பட்டையைக் கயிறு கட்டிப் பிரித்துக்கொண்டார். தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து ஈர மணலில் தொடங்குவார். அலை கரையை வெட்டிப் படி மாதிரி ஆக்கியிருந்தால் அதன் அடியில்தான் கனமான பொருள்கள் ஒதுங்கும் என்று அங்கே இரண்டு தடவை நடப்பார். ஒலித்த இடத்தில் நான் ஓட்டைகள் போட்ட சின்ன மண்வெட்டியால் அள்ளுவேன். மணல் உதிர்ந்து, பொருள் தங்கும்.

வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் முதல் நாளே கேட்டார். "அண்ணாச்சி, கண்ணிவெடி எதும் எடுக்கியளா?"

"இல்ல. ஒரு சங்கிலி."

"எப்பம் போட்டது?"

"ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு."

"அது இந்நேரம் கொழும்புல எறங்கியிருக்கும்" என்றார். வேறு யாரோ சிரித்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவரே பக்கத்தில் வந்தார். "எங்க வீட்டுக்காரி கொலுசும் இங்கனதாம் போச்சு. கெடச்சா எங்கிட்டச் சொல்லுங்க. அவகிட்டச் சொல்லிராதிய. வேற வாங்கிக் கொடுத்தாச்சி."

கொலுசு கிடைக்கவில்லை. மாத்திரை அட்டைகள் கிடைத்தன, நிறைய. அந்தோனியாரிடம் வருகிறவர்கள் நோயாளிகள். காசுகள், ஒரு சாவி, சின்ன அலுமினியச் சிலுவை, ஒற்றை மெட்டி. ஒரு தடவை குழந்தையின் தங்கத் தோடு கிடைத்தது. திருகாணியும் அதனோடு இருந்தது. தோட்டையும் மெட்டியையும் அப்பா கோயில் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தார். அந்தத் தோட்டைப் பார்த்ததும் எனக்குள் ஏதாவது துள்ளும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் துள்ளவில்லை. கையிலிருந்த மணலைத் தட்டிவிட்டு அடுத்த குழிக்குப் போனேன்.

இப்படிப் பல புதன்கிழமைகள் போயின. கயிறு கட்டிய பட்டையில் கடைசி மூலை மட்டும் மிச்சமிருந்தது. அன்று கைக்குழந்தையோடு நடந்துவந்த ஒரு பெண் என்னிடம் நின்றாள். தோளில் சேலை கிழிந்து தொங்கியது.

"எக்கா, ஊக்கு ஒண்ணு இருக்குமா? பிள்ள இழுத்துக் கிழிச்சிட்டான்."

நான் யோசிக்காமல் என் தாலிச் சங்கிலியை வெளியே எடுத்து, அதில் கோத்திருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தேன். அவள் குத்திக்கொண்டு போய்விட்டாள். திரும்பியபோது அப்பா ஹெட்போனைக் கழுத்தில் தொங்கவிட்டபடி என் சங்கிலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கம்மாவும் இப்படித்தான் கோத்து வச்சிருப்பா."

"ஆமாப்பா. எந்நேரமும் ஒரு கொத்துக் கெடக்கும்."

"கழட்டு" என்றார்.

கழற்றிக் கொடுத்தேன். ஊக்குகளோடு சேர்த்து ஒரு சாண் ஆழத்தில் அவரே புதைத்து மூடினார். வட்டை மேலே கொண்டுபோனார். கருவி ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு பக்கமிருந்து கொண்டுவந்தார். கரகரவென்று ஏதோ அறுந்த சத்தம். அதை நாங்கள் இத்தனை நாளும் குப்பை என்று விட்டுவிட்டு நடந்திருந்தோம். பிறகு சங்கிலியைத் தோண்டி எடுத்து, ஊக்குகளை உருவிவிட்டு மறுபடி புதைத்தார். தெளிவாக ஒலித்தது.

அப்பா மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"இரும்பப் பத்திப் பேசாதேன்னு நான்தான அதுக்குச் சொல்லி வச்சேன்" என்றார். "அவளத் தாண்டித் தாண்டி நடந்திருக்கேன்."

அந்தப் பொத்தானை அணைத்துவிட்டு மறுபடி தொடங்கினார். கரை முழுதும் உறுமியது. ஆணி, முள், துருப்பிடித்த கம்பி. ஒரு முழம் நகர்வதற்குள் நான் அள்ளி அள்ளிக் கை ஓய்ந்துவிட்டது. இப்படித் தேட முடியாது என்று அவருக்கும் தெரிந்தது. திரும்பும்போது பேருந்தில் ஒரு யோசனை சொன்னார். அம்மாவின் சங்கிலி கிட்டத்தட்ட என் சங்கிலியின் எடைதான். அதில் கிடந்த அதே அளவு ஊக்குகளை என் சங்கிலியில் கோத்துத் தேனூர் மணலில் புதைத்து, அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று காது பழகும் வரை கேட்க வேண்டும். பிறகு அந்தச் சத்தத்தை மட்டும் தோண்டலாம். அதற்கு அன்றைக்கு எத்தனை ஊக்கு கிடந்தது, பெரியதா சின்னதா என்று தெரிய வேண்டும்.

"கனகாவக் கேப்போம். அவதான் கூட இருந்தா" என்றார்.

மறுநாள் காலை கனகா அத்தை அவர்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து முறத்தில் துவரம்பருப்பைப் புடைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். அப்பா சுவரோரம் நின்றார். நான் பின்னால் நின்றேன்.

"கனகா, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு ஐரின் சங்கிலில எம்புட்டு ஊக்கு கெடந்துச்சு?"

"எதுக்குண்ணே?"

"மெஷினுக்கு. ஊக்குச் சேந்து கெடந்தா சத்தம் மாறுது."

"ஊக்கு எதும் இல்லையேண்ணே. அதெல்லாம் கோயில்லயே கழட்டி எங்கிட்டல்ல குடுத்தாக" என்றார் கனகா அத்தை. முறத்தைப் பார்த்தபடிதான் சொன்னார். சொல்லி முடித்ததும் கை நின்றுவிட்டது.

"கோயில்லயா?" என்றார் அப்பா.

அத்தை நிமிரவில்லை.

"கடலுக்குப் போறதுக்கு முன்னாடி கோயில்ல எதுக்குக் கழட்டுனா?"

"அண்ணே, உள்ள வந்து உக்காருங்க."

"இங்கனயே சொல்லு."

"அக்கா சத்தியம் வாங்கிட்டாகண்ணே. ஒங்க உசுரு மேல. நான் எப்புடிச் சொல்லுவேன்?" முறத்தைக் கீழே வைத்தார். "நீங்க ஆபரேஷன் தியேட்டருக்குள்ள கெடந்தப்ப, அக்கா வெளிய பெஞ்சுல தாலியக் கையில பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தாக. 'இத எடுத்துக்க, ஆள விட்டுரு'ன்னு அந்தோனியார்கிட்ட நேந்துக்கிட்டாக. நீங்க பொழச்சு வந்தீக. அதச் செலுத்தத்தான் உவரிக்குப் போனோம்."

அப்பா சுவரில் கை வைத்துக்கொண்டார். அவருக்கு நேர்ச்சைகள் பிடிக்காது. பூசைக்குத் தவறாமல் போவார், ஆனால் யாராவது நகை காணிக்கை என்றால், அந்தோனியாருக்கு எதற்குத் தங்கம் என்பார். தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும்போதே, 'எனக்காக எதையும் நேந்துக்கிறாத' என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனவர்.

"உண்டியல்லயா போட்டா?"

"உண்டியல்லதேன். ஊக்கோட போடக் கூடாதுன்னு ஒவ்வொண்ணா உருவி எங் கையில குடுத்தாக. பெறகு சங்கிலியக் கழட்டி, முத்தம் குடுத்துட்டுப் போட்டாக."

"கடல்ல அலை தள்ளுச்சுன்னாளே."

"அலை தள்ளலண்ணே. அவுகளா உக்காந்தாக. சேலை நனையுற வரைக்கும் அலையில உக்காந்திருந்தாக. இல்லன்னா நீங்க நம்ப மாட்டீகன்னு."

தெருவில் தண்ணீர் கேன் வண்டி ஒன்று மணியடித்துக்கொண்டு போனது.

"அந்தக் கொக்கி இறுக்கமா இருக்கும். அவ தனியாக் கழட்ட மாட்டாளே" என்றார் அப்பா.

"நான்தேன் பின்னாடி நின்னு கொக்கிய எடுத்துவிட்டேன்."

"நீயா?"

"ஆமாண்ணே."

அப்பா தலையாட்டினார்.

"எம் மேல கோவமாண்ணே? நீங்க வெயில்ல போயித் தோண்டுறது எனக்கு என்னமோபோல இருக்கும். இந்தத் தடவ வந்ததும் சொல்லிரணும், சொல்லிரணும்னு இருப்பேன். பையத் தூக்கிக்கிட்டு நீங்க வாரதப் பாத்தா வாய் வராது."

"கோவமில்ல கனகா. போயி வாரதுல ஒரு வேல இருந்துச்சு. இனி அது இல்ல. அம்புட்டுத்தான்."

வீட்டுக்குள் வந்ததும் நான் சொன்னேன், கோயில் அலுவலகத்தில் விசாரித்துப் பார்க்கலாம், காணிக்கை நகைகளை இன்னும் உருக்காமல் வைத்திருக்கலாம், விவரம் சொன்னால் விலை கொடுத்தாவது வாங்கிவிடலாம் என்று. அப்பா கண்ணாடியைத் துடைத்தார்.

"குடுத்தவ அவ. நான் போயி என்னன்னு கேக்க? 'நான் பொழச்சுட்டேன், அவ போயிட்டா, பொருளத் திருப்பிக் குடுங்க'ன்னா?"

அடுப்பில் உலை கொதித்தது. போய் அரிசியைப் போட்டேன்.

அதற்கடுத்து வந்த புதன்கிழமையும் அப்பா விடியும் முன்பே குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். கருவியை எடுக்கவில்லை. கனகா அத்தையையும் வரச் சொல்லியிருந்தார். அத்தை வழியெல்லாம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். அப்பா திருநெல்வேலியில் இறங்கி அவருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்தார்.

உவரியில் அவர் கடற்கரைப் பக்கம் திரும்பவே இல்லை. நேராகக் கோயிலுக்குள் உண்டியல் பக்கம் போனார். தோட்டையும் மெட்டியையும் அலுவலகத்தில் கொடுக்க இந்த உண்டியலைத் தாண்டித்தான் போய்வந்திருக்கிறோம்.

"எங்கன நின்னா?" என்று கேட்டார்.

கனகா அத்தை காட்டினார். "இங்கன. அந்தோனியார் சொரூபத்தப் பாத்த மாதிரி."

"நீ?"

"இந்தா, இவுகளுக்குப் பின்னாடி" என்றார். அம்மா அங்கேயே நிற்பதுபோல் கையை நீட்டிக் காட்டினார்.

அப்பா அம்மா நின்ற இடத்தில் போய் நின்றார். அத்தை அவருக்குப் பின்னால் தயங்கி நின்றார். எனக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை, தூணோரம் நின்றேன். அப்பா சொரூபத்தைப் பார்க்கவில்லை. உண்டியலின் வாயையே பார்த்தார். சின்ன வாய், பித்தளை விளிம்பு, ஆட்கள் தொட்டுத் தொட்டு அந்த இடம் மட்டும் பளபளத்தது. அவர் கையை எடுத்து அதன் மேல் வைத்தார். வைத்தபடியே நின்றார்.

பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. மொட்டையடித்த குழந்தையைத் தோளில் வைத்திருந்த ஒருவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "பெரியவரே, காணிக்கை போட்டாச்சுன்னா கொஞ்சம் நகருங்களேன்" என்றார்.

"போட்டாச்சு" என்றார் அப்பா.

கையை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். நாங்களும் நகர்ந்தோம். வெளியே வெயில் ஏறியிருந்தது. அடுத்த பேருந்து எப்போது என்று கனகா அத்தை யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார்.